நானூற்றுப் பதினேழாவது ஒலி

எங்கள் ஊர் ஒருரோவின் பேருந்து நிலையத்தில் ஹொவானா கலிசாயாவின் குரலைக் கேட்காமல் யாரும் வண்டி ஏறியதில்லை. "லா பாஸ், லா பாஸ், லா பாஸ், இப்பவே கிளம்புது, உக்காந்துட்டே போலாம்" என்று காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் மதியம் ஒரு மணி வரை ஓயாது. வண்டி இப்பவே கிளம்பாது என்பது கூவுகிறவளுக்கும் தெரியும், ஏறுகிறவர்களுக்கும் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளுக்குப் பிழைப்பே வாய்தான். கோபமும் அதே வாயில்தான் குடியிருந்தது. பெட்டியால் இடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவன் கர்னலாகவே இருக்கட்டும், அவன் பரம்பரையை இழுத்து நாலு கேள்வி கேட்டால்தான் அவளுக்குக் காலைச் சாப்பாடு இறங்கும்.

இருபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. வேலை முடிந்ததும் அவள் போகிற இடம் குரோவர் வீட்டு மாடி. அங்கே 'ஏழாம் மட்டம்' என்று ஒரு குழு இருந்தது. மூன்றே பேர். கைபேசி பழுது பார்க்கிற குரோவர் இசை கோப்பான். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற லிஸெத் இணையப் பக்கத்தைக் கவனிப்பாள். ஹொவானா ஒலி பிடித்து வருவாள். கணினியில் ஆடுகிற பேய் விளையாட்டுகளில் இசையே போடாமல் விட்ட இடங்கள் இருக்குமல்லவா, அந்த இடங்களுக்கு இவர்களாகவே இசை செய்து சும்மா போடுவார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவில்லை. ரசிகர் என்றால் அப்படித்தான்.

எங்கள் ஊரில் ஒருத்தனைப் பேய் காட்டிப் பயமுறுத்துவது லேசான காரியமா? கார்னிவல் திருவிழா வந்தால் பாதி ஊர் சாத்தான் வேஷத்தில் கொம்பு வைத்துக்கொண்டு ஆடுகிறது. "சாத்தானா? எங்க சித்தப்பன்தான், முட்டிவலின்னு மாத்திரை போட்டுட்டு ஆடினான்" என்பார்கள். அதனால் குரோவர் வாத்தியங்களை நம்பவில்லை, ஊர்ச் சத்தங்களை நம்பினான். ஹொவானா கழிப்பறைக் குழாய் சொட்டுவது, பேருந்து பிரேக் கத்துவது, ஆடு அறுக்கிற இடத்தில் கொக்கி உரசுவது என்று எதையும் விடாமல் பிடித்து வந்தாள். ரெக்கார்டர் வாங்கிய அன்று ஊர் வழக்கப்படி அதன் மேல் பீர் தெளித்து, கோகா இலை போட்டு வேண்டிக்கொண்டுதான் தொட்டார்கள்.

பிடித்த சத்தமெல்லாம் போய்ச் சேருகிற இணையப் பொதுக் கிடங்குக்குப் 'பானை' என்று பெயர். பானைக்குச் சட்டம் உண்டு. உள்ளே விழுந்தது பொது, யாரும் வெட்டலாம், இழுக்கலாம். எந்த ஒலிக்கும் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். "கதவுன்னு எழுதி வச்சா காது கதவைத்தான் கேக்கும், அப்புறம் எவன் பயப்படுவான்?" என்பான் குரோவர். சனிக்கிழமைதோறும் ரெக்கார்டரில் இருப்பதை அப்படியே பானையில் கவிழ்த்துவிட்டு, ரெக்கார்டரைக் காலி செய்து கொடுப்பான். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம்.

ஹொவானாவின் அப்பா காலிஸ்தோ, வெள்ளீயச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் துளை போட்டவர். ஐம்பத்து நாலு வயதில் நெஞ்சு முழுக்கக் கல்தூசி. படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தே தூங்குவார். "தூங்கும்போது எப்படி மூச்சு விடுறாருன்னு பதிவு பண்ணிட்டு வாம்மா" என்று டாக்டர் கேட்டார். ஏப்ரலில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் கண் அயர்ந்ததும், ஹொவானா குழுவின் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். டாக்டர் அரை நிமிஷம் கேட்டார், தலையாட்டினார், மருந்து எழுதினார். அந்த மருந்து ஜூன் வரைக்கும்தான் இழுத்துப் பிடித்தது, ஜூனில் அவர் போய்விட்டார். அதற்குள் எத்தனையோ சனிக்கிழமை வந்துபோயிருந்தது. ரெக்கார்டரில் இருந்தது பானைக்குப் போனதை அவள் நினைக்கவே இல்லை.

ஆகஸ்டில் ஒரு புது விளையாட்டு வந்தது. தண்ணீர் புகுந்த நிலவறைகளில் முகமில்லாத ஒன்று நடந்து வரும். ரசிகர்கள் அதற்கு 'நனைந்தவன்' என்று பெயர் வைத்தார்கள். அது வரும்போது விளையாட்டில் சத்தமே இல்லை. குரோவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பானையைத் துழாவி, நானூற்றுப் பதினேழில் முதல் நாற்பது நொடியை வெட்டி, பாதி வேகத்துக்கு இழுத்து, ஒரு மூச்சு செய்து போட்டுக் காட்டினான். லிஸெத் காதைப் பொத்திக்கொண்டாள்.

"சூப்பர்டா. ஆனா ஈரம் பத்தல" என்றாள் ஹொவானா. "என்னோட குழாய்ச் சொட்டு இருக்கே, அதை அடியில போடு. நுரையீரல்ல தண்ணி நிக்கிற மாதிரி இருக்கணும்."

தன் வாயாலேயே அதைச் சொன்னாள். அதுதான் அவளைப் பிற்பாடு தின்றது.

அக்டோபரில் அந்த மூச்சைக் கேட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். மெக்சிகோவிலும் சிலியிலும் பிள்ளைகள் தலையில் கறுப்புக் குப்பைப் பையை மாட்டிக்கொண்டு அந்த மூச்சை நடித்துக் காட்டிப் படம் பிடித்துப் போட்டார்கள். ஹொவானாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா பெலிசாவிடம் கைபேசியை நீட்டி, "கேளும்மா, நாங்க பண்ணது" என்றாள்.

பெலிசாவின் கத்தி நின்றது.

"உங்க அப்பா மூச்சை எதுக்குடி இதுல வச்சிருக்க?"

"அப்பாவா? இது பேயும்மா. விளையாட்டுல வர்றது."

"முப்பது வருஷம் பக்கத்துல படுத்தவகிட்ட சொல்றியா? இழுத்துட்டு, நடுவுல நிக்கும், அப்புறம் ரெண்டு சின்னதா விடுவாரு. திரும்பப் போடு."

திரும்பப் போட்டாள். இழுப்பு. நிறுத்தம். இரண்டு சின்னது. ஹொவானாவுக்கு ஏப்ரல், ரெக்கார்டர், சனிக்கிழமை என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

பெலிசா அழவில்லை. கத்தியை மேசையில் வைத்தாள். "நவம்பர் ஒண்ணாந்தேதி மத்தியானம் பன்னெண்டுக்கு ஆவிங்க எல்லாம் சாப்பிட வரும். அவருக்கு இது முதல் வருஷம். ரொட்டி சுட்டு, மேசை போட்டு உக்காந்திருப்பேன். எந்த மூஞ்சியோடடி வருவாரு? குப்பைப் பையை மாட்டிக்கிட்டா? போ. அந்தப் பேய்கிட்டேருந்து என் புருஷனைக் கூட்டிட்டு வா."

ஹொவானா அந்த நிமிஷமே கிளம்பினாள். குரோவர் வீட்டுப் படிகளை அவள் ஏறிய சத்தத்தில் கீழ்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

"அந்த மூச்சை எடுத்துரு."

"எந்த மூச்சை?" குரோவர் நாற்காலியைத் திருப்பினான். லிஸெத் பக்கத்தில் உட்கார்ந்து, ஊதாச் சோளத்தில் காய்ச்சிய ஆப்பியைச் சூடாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நனைஞ்சவன் மூச்சை. அது எங்க அப்பாவோடது."

அவன் சிரிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "பானையில எப்படி வந்துச்சு?"

"நீ கவுத்த. நான் அழிக்க மறந்துட்டேன். போனது போகட்டும், இப்ப எடு."

"ஹொவா, சனிக்கிழமை ரசிகர் கூட்டம் இருக்கு. கோச்சபம்பாவுலேருந்துகூட வர்றாங்க, அந்த மூச்சைக் கேக்கத்தான். அது முடியட்டும், மெதுவாப் பேசலாம்."

"எங்க அப்பனை வச்சு ஒரு ஆட்டம் ஆடிட்டு அப்புறம் பேசுவியா? உங்க அப்பன் கடையில உக்காந்து பூட்டு விக்கிறான்ல, அவன் இருமுறதைப் பிடிச்சுப் பேய்க்கு மாட்டிக்கோ."

"கோவப்படாதடி" என்றாள் லிஸெத். "யாரோட மூச்சுன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கே தெரியலையே" என்றான் குரோவர். "நீதானே ஈரம் பத்தலைன்ன?"

ஹொவானா லிஸெத்தின் கையிலிருந்த ஆப்பிக் கோப்பையைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். ஊதா நிறத்தில் வழிந்தது. குரோவர் சட்டம் பேசினான்: பானையில் விழுந்தது பொது, எடுப்பதென்றால் மூவரும் கை தூக்க வேண்டும். அவள் கை ஒன்றுதான் மேலே போயிற்று.

வீட்டுக்கு வந்து பானையைத் திறந்தாள். நானூற்றுப் பதினேழு முழுசாக இருந்தது, பதினோரு நிமிஷம். காதில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. கழற்றி எறிந்துவிட்டு, குரோவரைத் திட்டினாள், டாக்டரைத் திட்டினாள், சுரங்கத்தைத் திட்டினாள். தன்னைத் திட்ட அவளுக்குத் தெரிந்த வசவுகள் போதவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒலி மிக்ஸரில் உட்காரப்போவது தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை மதியம் ரயில்வே தொழிலாளர் சங்கக் கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தலையில் கறுப்புப் பை, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. குரோவர் மேடையில் நின்று, "வர்றான்" என்றான். விளக்கு அணைந்தது. ஹொவானா அவன் செய்த இசையைத் தொடவில்லை. நானூற்றுப் பதினேழை முழுசாக ஓடவிட்டாள்.

இழுக்காத, சொட்டாத, வெறும் மூச்சு. கூட்டத்துக்கு அது பழகிய விளையாட்டு, எல்லோரும் சேர்ந்து மூச்சுவிட்டார்கள். இருநூறு பேர் இழுத்தார்கள், நிறுத்தினார்கள், இரண்டு சின்னதாக விட்டார்கள், நடுவே சிரித்தார்கள்.

"நிறுத்துங்கடா." ஹொவானாவின் குரல் மைக் இல்லாமலே கூடத்தின் கடைசிச் சுவர் வரை போயிற்று. "இது நனைஞ்சவன் இல்ல. இது காலிஸ்தோ கலிசாயா. வெள்ளீயச் சுரங்கத்துல இருபத்தாறு வருஷம். ஜூன்ல செத்தாரு. எங்க அப்பா."

சிலர் கைதட்டினார்கள். இதுவும் காட்சி என்று நினைத்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தன், "இன்னும் சத்தமா வையக்கா" என்றான்.

"வைக்கிறேன். முழுசாக் கேளு" என்று ஒலியைக் கடைசி வரைக்கும் ஏற்றினாள்.

குரோவர் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தான். "பைத்தியமாடி உனக்கு?" அவள் முழங்கையால் தள்ளினாள். நாலாவது நிமிஷத்தில் முன்வரிசையில் ஒரு பெண் பையைக் கழற்றினாள். "எங்க மாமா வீட்ல இதே சத்தம்தான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவளும் தன் பையைக் கழற்றினாள். இது ஒருரோ. அந்த மூச்சு இல்லாத தெரு எங்கள் ஊரில் ஏது? சிலிக்காரனுக்கு அது பேய். இங்கே அது கட்டிலில் உட்கார்ந்திருக்கிற ஆள். ஒவ்வொருவராக நடிப்பதை நிறுத்தினார்கள். கோச்சபம்பாவிலிருந்து வந்தவர்கள் மட்டும் என்ன ஆயிற்று என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹொவானாவின் கோபம் தணியவில்லை. பதினோரு நிமிஷமும் கேட்க வைப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தானும் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஏழாவது நிமிஷத்தில் மூச்சு தடுக்கியது. அவர் விழித்துக்கொண்டார். அப்புறம் பேசினார்.

"பெலிசா... புள்ள உக்காந்தபடியே... தூங்குது பாரு... என் போர்வையை எடுத்து... அது மேல போடு."

கொஞ்சம் தள்ளிப் பெலிசாவின் குரல்: "உங்களுக்குக் குளிருமே."

"போடுடி."

துணி உரசுகிற சத்தம். மறுபடி மூச்சு. இழுப்பு, நிறுத்தம், இரண்டு சின்னது.

ஹொவானா மிக்ஸரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று நாற்காலியில் தூங்கிப்போன அந்தப் புள்ள அவள்தான். இதில் டாக்டர் கேட்டது அரை நிமிஷம், குரோவர் நாற்பது நொடி, அவள் ஒரே ஒரு நிமிஷம். குரோவர் கைபேசியை எடுத்து எதையோ தட்டினான். இரண்டு தடவை தப்பிப் போய், மூன்றாவது தடவை இணையப் பக்கத்திலிருந்து நனைந்தவன் மூச்சு அழிந்தது. அதைக் காட்ட அவள் முன்னால் நீட்டினான். அவள் பார்த்தாள். நானூற்றுப் பதினேழைத் தன் கைபேசிக்கு மாற்றிக்கொண்டு, பானையிலிருந்து அழித்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் பெலிசா ஆவிகளுக்கான ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா. கூட்டிட்டு வந்துட்டேன்." ஹொவானா வாசலிலேயே நின்றாள். "ஏப்ரல்ல ஒரு நாள் மத்தியானம், நான் நாற்காலியில தூங்கினப்ப, என் மேல ஒரு போர்வை போட்டியா?"

"போட்டேன். உங்க அப்பாதான் போடச் சொன்னாரு."

"அவரோட போர்வையா?"

"வேற எது இருந்துச்சு, மத்ததெல்லாம் துவைச்சுக் காயப்போட்டிருந்தேன்." பெலிசா மாவைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். "நீ எந்திரிக்கிற வரைக்கும் நடுங்கிட்டேதான் உக்காந்திருந்தாரு. 'அவகிட்ட சொல்லாத, தெரிஞ்சா கத்துவா'ன்னாரு."