எங்களுக்கு முன்னால் போன ஜீப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. கொடைக்கானலில் பத்தொன்பது வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். வருகிற பார்ட்டிகள் பள்ளத்தாக்கைப் பார்த்ததும் இங்கே ஏதாவது பேய்க்கதை உண்டா என்று கேட்பார்கள், நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் என்று ஒன்றைக் கட்டிவிடுவேன். அதனால் பொய்க்கதையை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். இது அப்படிச் செய்தது இல்லை, பட்டப்பகலில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, ஊரில் கூட்டமே இல்லை. கரூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவராம், மாணிக்கம் என்று பெயர், அறுபத்தைந்து வயதிருக்கும், வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, தனியாக வந்து என் வண்டியை நாள் முழுவதற்கும் வாடகைக்குப் பேசினார். எங்கெல்லாம் போகணும் சார் என்றதற்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பெண் கையெழுத்து. ஏரியில் படகில் போகணும், பைன் காட்டில் நடக்கணும், பூம்பாறையில் பூண்டு வாங்கணும், கூக்கால் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்காரணும்.

"எங்க வீட்டுக்காரம்மா எழுதுனதுங்க தம்பி. முப்பது வருசமா கேட்டா. கடையை விட்டுட்டு எங்க வர்றதுன்னு நாந்தான் தள்ளிப்போட்டேன். மாசியில போய்ச் சேர்ந்துட்டா. அவளுக்குப் பதிலா நானாச்சும் எல்லாத்தையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வண்டியை எடுத்தேன்.

முதலில் படகு. துடுப்புப் போடுகிறவர் இவரைப் பார்த்ததும், "என்னங்க சார், மறுபடியும் ஒரு ரவுண்டா? அம்மா வரலையா?" என்றார். யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார், நாளைக்கு எத்தனை முகம் பார்க்கிறவர் என்று நான் கண்டுகொள்ளவில்லை. மாணிக்கம் சாரும் சிரித்துக்கொண்டேதான் படகில் ஏறினார்.

அடுத்தது பைன் காடு. வாசலில் மக்காச்சோளம் சுடுகிற பெண் எனக்குப் பழக்கம் இல்லை, புது ஆள். அவள் இவரிடம், "காரமில்லாம கேட்டாங்களே அந்தம்மா, நல்லாருந்துச்சாமா?" என்று கேட்டாள். சார் அப்படியே நின்றுவிட்டார். அவர் மனைவிக்கு வயிற்றுப்புண், இருபது வருடமாகக் காரம் தொடமாட்டாராம். எந்த அம்மா, என்ன சேலை கட்டியிருந்தார் என்று மெதுவாகக் கேட்டார்.

"மாம்பழக் கலர் பட்டு. இந்தக் குளிருல ஸ்வெட்டர் கூட இல்லாம வந்திருக்காங்களேன்னு பாத்தேன். உங்க கூடத்தான சார் இருந்தாங்க? ஒரு மணி நேரம் இருக்கும்."

ஜீப்பில் வந்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "அந்தச் சேலை அவளோடயே போச்சுங்க தம்பி. நாந்தான் மேல போர்த்திவிட்டேன்."

ஒரு மணி நேரத்துக்கு முன் அவர் ஏரியில் படகில் இருந்தார், நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ விளையாடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த வளைவிலேயே கியரைத் தப்பாகப் போட்டேன். பூம்பாறையில் பூண்டு விற்கிற பெரியவர் இவரைக் கண்டதும் ஒரு பையை நீட்டி, அரை மணி முன்னால் வாங்கிய பூண்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்களே என்றார். சார் அந்தப் பையை வாங்கவில்லை. "தம்பி, வெரசாப் போங்க" என்றார், அவ்வளவுதான்.

எனக்குப் போக மனமில்லை. திரும்பிவிடலாம் சார் என்று இரண்டு தடவை சொன்னேன், அவர் காதிலேயே விழவில்லை. வளைவுக்கு வளைவு மூடுபனி ஏறிக்கொண்டே வந்தது. எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினேன். அவர் முன்கண்ணாடியில் நெற்றி முட்டுகிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் போனவர்கள் பைன் காட்டில் ஒரு மணி நேரம் முந்தி இருந்தார்கள், பூம்பாறையில் அரை மணிதான், இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. எட்டிப் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

கூக்காலில் ஏரிக்குப் போகிற பாதையில் ராசாத்தி அக்காவின் டீக்கடை. என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஜீப்பைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்து, "ஏலே செல்வம், இப்பத்தான இவுகளையும் அந்தம்மாளையும் கரையில எறக்கிவிட்ட?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சார் இறங்கி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் தெரியவில்லை, எல்லாம் ஒரே வெள்ளை, கால் வைத்தால் சேறு. விழுந்துவிடப் போகிறாரே என்று பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். பத்தடி தூரத்தில் புல்லில் இரண்டு பேர், முதுகைக் காட்டியபடி. மாம்பழக் கலர். பக்கத்தில் வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலை. அந்தப் பெண் ஏதோ சொல்ல, அந்த ஆள் தலையை ஆட்டினார்.

சார் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கூப்பிடவில்லை.

"வாங்க தம்பி, போலாம்" என்றார், ரகசியம் சொல்கிற மாதிரி. "அவ தனியா இல்லை. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

பனி மூடிவிட்டது. நாங்கள் திரும்பி நடந்தோம், நான் ஒரு தடவை கூடப் பின்னால் பார்க்கவில்லை. ஊர் வந்து சேரும் வரை அவர் குழந்தை மாதிரித் தூங்கினார். பொங்கலுக்கு போன் செய்தார், நன்றாக இருக்கிறார், மறுபடியும் கடையில் உட்காருகிறாராம். அவரைப் பொறுத்தவரை அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்குத்தான் முடியவில்லை. அன்று படுக்கும்போதுதான் ராசாத்தி அக்கா சொன்னது உறைத்தது. எறக்கிவிட்ட, என்றாரே. அவர்களை யார் கூட்டிக்கொண்டு வந்தது? மறுவாரமே போய்க் கேட்டேன்.

"வேற யாரு, நீதான். ஒன் வண்டிதான். கையத் தூக்கி, அக்கா வந்து டீ குடிக்கிறேன்னுட்டு, கரையோரமா அந்தப் பக்கம் போன. ஏதோ சோலியாப் போறன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் பாதை கிடையாது. கொஞ்ச தூரம் புல், அப்புறம் சோலைக்காடு, ஜீப் நுழைய முடியாது. நான் போய்ப் பார்த்தேன், டயர்த் தடம்கூட இல்லை. போன வண்டி திரும்பியதை அக்காவும் பார்க்கவில்லை.

இப்போதும் கூக்காலுக்குப் பார்ட்டி ஏற்றிக்கொண்டு போகிறேன், பிழைப்பு அதுதானே. கடை முன்னால் நிறுத்தினால் முன்பெல்லாம் கேட்காமலே டீ வரும். இப்போது அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்து ஒரு நிமிடம் என் முகத்தையே பார்க்கிறார்.

"எந்தப் பக்கமிருந்துப்பா வர்ற?" என்று கேட்கிறார். பதில் சொன்ன பிறகுதான் டீ போடுகிறார்.