ஐந்தாம் நம்பர் இன்டரப்ட்

அன்று கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தவர்கள்: முதலாளி, நான், என்னோடு வேலை பார்த்த விஜயபுரத்துக்காரன், லேப்டாப்போடு வந்த பெங்களூர் சார். நாலே பேர். கடை திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்து.

லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகுகிற நெட்வொர்க் கார்டு செய்யும் கம்பெனியிலிருந்து வந்தவர் சார். அவர் விற்பனை ஆள். மத்தியானம் சித்தூரில் ஒரு பால் கம்பெனி ஆபீசில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். கார்டைச் செருகினால் மெஷின் அப்படியே நின்றுவிட்டது.

"சரி பண்ணுங்க. எங்களுக்கும் ஒரு சர்வீஸ் ஆள் வேணும்" என்றார். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய எனக்குப் பெங்களூர் வேறு எந்த வழியில் வரும்?

சீனியர் என்று நான்தான் முதலில் உட்கார்ந்தேன். தகவல் வந்ததும் கார்டு மெஷினைக் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும். இன்டரப்ட் என்பார்கள். எப்போதும் போல ஐந்து கொடுத்தேன். லாட்ஜுகளில் ரூம் பில் போடும் மெஷின் எல்லாவற்றிலும் ஐந்து சும்மாதான் கிடக்கும். ஓடவில்லை. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் போலிங்குக்கு மாற்றினேன். கார்டு கூப்பிடும்வரை காத்திராமல் மெஷினே விடாமல் போய் 'வந்துச்சா, வந்துச்சா' என்று கேட்கும் முறை. நெட்வொர்க் வந்தது. ஆனால் மவுஸை இழுத்தால் அம்புக்குறி ஆடி அசைந்து வந்தது.

"ஏமய்யா, அயிந்தா?" முதலாளி நாலாவது முறையாக, முடிந்ததா என்று கேட்டார்.

"ணா, கொஞ்சம் தள்ளிக்கோ." விஜயபுரத்துக்காரன், எந்த நம்பர் எதனிடம் இருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தான். "அஞ்சுல சவுண்டு கார்டு குந்திக்கினு இருக்குது பாரு. லாட்ஜு மெஷினுக்கு ஏது பாட்டு? இது பாடற மெஷின்ணா."

கார்டுக்குப் பத்து கொடுத்து, போலிங்கை எடுத்துவிட்டான். இரண்டே நிமிஷம். சார் என் பக்கம் திரும்பவே இல்லை. "திங்கக்கிழமை பெங்களூர் வந்துடு" என்றார் அவனிடம்.

இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தால் அந்தப் பட்டியலை நானும் திறந்திருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சாயங்காலம் அவன் பெங்களூர் ரூம் அட்வான்சுக்கு என்னிடம் கைமாற்று கேட்டான். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். பாசத்தில் இல்லை. பெங்களூரில் இருந்தாலும் எனக்குக் கடன்பட்டவனாக இருக்கட்டும் என்றுதான். மூன்று மாதம் கழித்துப் புது ஷூ போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுக்க வந்தான். "இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றேன். அமெரிக்கா போகுமுன் மறுபடி நீட்டினான். "இப்ப இன்னா அவசரம்" என்றேன்.

"இன்னாணா, வட்டி ஏத்தறியா?" என்று சிரித்தான்.

இன்றுவரை வாங்கவில்லை. பாக்கி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.