உடையாத தாடைக்குப் போட்ட கட்டு

போன வருஷம், சீசன் முடிந்து கூட்டமெல்லாம் இறங்கிப்போன புரட்டாசி மாதம். குற்றாலத்தில் நான் காவல் பார்க்கும் பங்களாவில் அன்று இருந்தது நானும் ஒரு நாயும் மட்டும்தான். முதலாளி வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும்போது, தன் புல்டாக் நாயை முந்தின நாள்தான் என்னிடம் விட்டுப் போயிருந்தார்.

காலையில் நான் கேட்டைச் சாத்தும்போது அதன் முகத்தில் இடித்துவிட்டது. பதறிப்போய், முதல் முறையாக அதன் வாயைத் திறந்து பார்த்தேன். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் வந்திருந்தது. பற்கள் கோணல்மாணலாக நின்றன. தாடையை உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். வேலை போய்விடும், தங்கும் அறையும் போய்விடும். முதலாளிக்குப் போன் போடப் பயம். வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றால், அப்படி ஒருத்தரும் எனக்கு இல்லை.

சின்ன வயதில் என் கை முறிந்தபோது வைத்தியர் இறுக்கிக் கட்டியது ஞாபகம் வந்தது. துண்டைக் கிழித்து நாயின் வாயைச் சுற்றிக் கட்டினேன். அது என்னை நம்பித் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றது.

தென்காசி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். நல்ல வெயில்.

"என்ன அண்ணாச்சி, கடிச்சிரும்னா கட்டிருக்கீய?" என்றார் டிரைவர்.

"இல்லப்பா, தாடை உடைஞ்சிருக்கு."

மேலகரம் தாண்டும்போது நாய் என் மடியில் துவண்டு விழுந்தது. உதடெல்லாம் நீலம்.

"ஐயோ, மூச்சு முட்டுதுல்லா. கட்ட அவுரும்வே!"

முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் இழுத்தும் அவிழவில்லை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, பிளேடால் துணியை அறுத்து, நாயின் தலையில் தண்ணீரை ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கர்ரென்று ஒரு மூச்சு வந்தது. நான் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். "ஒண்ணும் உடையல. இந்த ஜாதிக்கே வாய் இப்பிடித்தான். முயல் பிடிக்க நாய் வேணும்னவங்க நீட்டு வாயா பாத்து இணை சேத்தாங்க. சப்பை மூஞ்சி வேணும்னவங்க இதை உண்டாக்குனாங்க. மேல்தாடை குறுகிப் போச்சு, கீழ்தாடை அவ்வளவா குறுகல. பல்லு மட்டும் மத்த நாய் மாதிரியே நாப்பத்திரண்டு. இடம் பத்தாம கோணிக்கிட்டு நிக்குது. மூக்கும் சின்னது, வாயையும் கட்டினா எதுல மூச்சு விடும்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீங்க."

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கேட்டால் சிரிப்பார்களே என்று வாயை மூடியே பழகிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பத்து நாளில் முதலாளி வந்து நாயைக் கூட்டிப்போனார். கட்டுப் போட்டதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எதையாவது பார்த்து மனம் பதறினால், தெரியாத ஆளாக இருந்தாலும் போய்க் கேட்டுவிடுகிறேன். கேட்கக் கூச்சப்பட்ட ஒரு காலைப்பொழுதில், என்னை நம்பி நின்ற ஓர் உயிரை என் கையாலேயே கொல்லப் பார்த்தேன்.