அருவியில் குளித்த பஞ்சு

ஒன்பது வயதில் நான் ஒரு மீன்தொட்டியைச் சுத்தம் செய்தேன். அதைச் சுத்தம் என்று சொன்னது நான் மட்டும்தான்.

தொட்டி அப்பா வைத்தது. ராணுவத்தில் ராஜஸ்தான் பக்கம் இருந்த அவருக்கு லீவு எப்போதும் அருவி வற்றிய பங்குனி வெயிலில்தான் கிடைக்கும். அந்த வருடம் வந்தவர் எங்கள் தென்காசி வீட்டு முன்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, இரண்டு தங்கமீன்களை விட்டு, பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அம்மா கையில் போனால் பாத்திரம் மாதிரி மீனையும் விளக்கிக் கவிழ்த்துவிடுவாள் என்று அவருக்குப் பயம்.

புறப்படும் முன், தொட்டித் தண்ணீரை வடிகட்டும் பில்டரைத் திறந்து உள்ளே இருந்த நீலப் பஞ்சைக் காட்டினார்.

"ஏட்டி, நல்லா கேட்டுக்கோ. குழாய்த் தண்ணில மருந்து போட்டிருக்கும். அதுல மட்டும் இதக் கழுவிராத. தொட்டித் தண்ணிய வாளில கோரி, அதுல ரெண்டு அமுக்கு அமுக்கு. போதும்."

பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன். ஞாயிறுதோறும் வீடியோ காலில் மீன்களைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

ஆனி மாதம் வருவதற்குள் பஞ்சு கறுத்து வழுவழுவென்று ஆகிவிட்டது. அழுக்கை அழுக்குத் தண்ணீரில் அலசச் சொன்ன அப்பாவை நினைத்து எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. குழாய்த் தண்ணீர் ஆகாது, சரி. மருந்து கலக்காத தண்ணீர் என்றால்? வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து, மூலிகைத் தண்ணீர் என்று முண்டியடித்துக் குளிக்கிற தண்ணீர், பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போகிற தூரத்தில் அருவியாகக் கொட்டும். இது அப்பாவுக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

சாரல் தொடங்கிய முதல் சனிக்கிழமை அம்மாவோடு ஐந்தருவிக்குப் போனேன். துண்டுக்குள் பஞ்சைச் சுருட்டி வைத்திருந்தேன். பெண்கள் பக்கம் ஒரே கூட்டம். அம்மா கண்ணை இறுக்கிக்கொண்டு அருவிக்குள் தலையைக் கொடுத்ததும், நான் பஞ்சை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். கறுப்பு ஓடியது. பிழிந்தேன், மறுபடி பிடித்தேன். முதுகில் தண்ணீர் அறைய அறைய எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

"ஏட்டி, அருவில வந்து பாத்திரமா தேய்க்கப் போற?" என்று பக்கத்தில் நின்ற ஒரு அக்கா விரட்டினாள். அதற்குள் என் வேலை முடிந்திருந்தது. பஞ்சு கடையில் வாங்கிய நாளைப் போல நீலமாகிவிட்டது.

மறுநாள் ஞாயிறு வீடியோ காலில் அப்பாவே பாராட்டினார். "தொட்டி பளிச்சுன்னு இருக்கே!" என் கால் தரையில் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியது. புதனன்று இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மா அப்பாவை வீடியோ காலில் அழைத்தாள். "பஞ்சக் காட்டு" என்றார். காட்டினேன். அந்த நீலத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நான் அழுதுகொண்டே அருவிக் கதை முழுவதையும் சொன்னேன். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் போனே ஆடியது.

"அது வெறும் அழுக்கு இல்லட்டி. மீனோட கழிவத் தின்னு தண்ணியக் காப்பாத்துத, கண்ணுக்குத் தெரியாத உயிரு. மூணு மாசமா வளந்தது, அருவியோட போச்சு." பிறகு அம்மாவிடம், "குத்துக்கல்வலசை வளப்பு மீன் கடையில கேட்டு, ஓடுத பில்டர்ல இருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு வாங்கிட்டு வா" என்றார்.

"அழுக்கையா? வாங்கவா?" என்றாள் அம்மா. வாசற்படியைத் தினம் இரண்டு தடவை கழுவுகிறவள் அவள்.

கடைக்கார அண்ணாச்சி ஒரு துண்டு வெட்டி, அவருடைய தொட்டித் தண்ணீரோடு கவரில் கட்டிக் கொடுத்தார். "காயவிட்டிராதிய. ரெண்டு நாளைக்கு இரை போடாண்டாம்" என்றார். பஸ்ஸில் அம்மா மூக்கை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் கவரை இரண்டு கையிலும் ஏந்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்தாள். அழுக்குத் துண்டைப் பில்டருக்குள் வைத்தோம். மருந்து நெடி போக ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரைக் கால் தொட்டி அளவுக்கு மாற்றி ஊற்றினோம், அடுத்தடுத்த நாட்களிலும். சனிக்கிழமை காலையில் மீன்கள் கீழே இறங்கி, ஒன்றையொன்று துரத்தின. நானும் அம்மாவும் கையைக் கோத்துக்கொண்டு முன்னறையில் குதித்தோம்.

ஞாயிறு வந்தது. போனைத் தொட்டியோடு ஒட்டிப் பிடித்தேன். அப்பா மீன்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுந்ததா என்று கேட்டார். தலையில் விழுந்தபோது வலித்ததா, குளித்து வந்ததும் குளிரில் பல் தந்தியடித்ததா, சூடாக என்ன தின்றீர்கள், பஸ்ஸில் வரும்போதும் சாரல் அடித்ததா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் வெள்ளை வெயில் தெரிந்தது.

மீனைக் கெடுத்த குற்றத்துக்கு விசாரணை நடக்கிறது என்று நினைத்தேன். பயந்துபோய், ஒன்றையும் மறைக்காமல், கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.