அண்ணன் தலையில் விழுந்த பழி

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். நான் தினமும் படகேறி எர்ணாகுளம் போய் முதுகலைக் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தார். மழைக்காலத்தில் விறகு அடுப்பின் சூடான காற்றை ஒரு நீண்ட அறைக்குள் விட்டு மிளகை உலர்த்துவார்கள். காற்றுக் கதவைத் திறந்து மூடி, சூட்டை ஒரே அளவில் வைப்பது அண்ணன் பொறுப்பு.

புதிதாக வந்த மேனேஜர் அறையின் கடைக்கோடியில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டினார். அளவு குறைந்தால் அந்த நொடியே திற, கூடினால் அந்த நொடியே மூடு என்று சட்டம் போட்டார். அப்புறம் மிளகு ஒரு நாள் கருகியது, மறுநாள் ஈரம் போகாமல் கிடந்தது. அண்ணனுக்குக் கவனம் போதாதாம், மேனேஜர் வேலையை விட்டு நிறுத்தப் போகிறாராம். எங்கள் வீட்டில் சம்பாதித்தவர் அண்ணன் ஒருவர்தான்.

"கொறஞ்சா தொறன்னு கத்தறார். தொறந்தா உடனே ஏறலை, இன்னும் தொறங்கறார். அப்பறம் தாறுமாறா ஏறிடறது. நான் என்னடி பண்ணட்டும்?" என்றார் அண்ணன்.

நான் அப்போது படித்துக்கொண்டிருந்ததே இதைத்தான். ஒன்று மாறும் வேகம் அதன் இப்போதைய நிலையைத் திருத்தும் விதமாக அமைந்தால், வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வு அமைதியாக வந்து அடங்கும். அதே சமன்பாட்டில் சற்று முந்தைய நிலையை வைத்தால் தீர்வு ஊசலாடத் தொடங்கலாம். தாமதமும் பெரிது, திருத்தமும் மூர்க்கம் என்றால், ஊசலாட்டம் பெருகிக்கொண்டே போகும். அடுப்புச் சூடு கடைக்கோடிக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்காதா? அண்ணன் ஓடி ஓடித் திருத்தியதெல்லாம் எப்போதோ நடந்து முடிந்ததை.

நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "மோளே, கணக்கெல்லாம் காலேஜில மதி. இவிடெ தீயாக்கும் காரியம்" என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். கணக்கு காலேஜோடு போதுமாம், இங்கே தீதான் விஷயமாம். நான் விடவில்லை. முதலாளி முன்னால் நின்று ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, அதன் பலன் அந்தக் கோடியில் தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதலாளி சரி என்றார். அண்ணன் அப்படியே செய்ய, மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். சாயங்காலத்துக்குள் சூடு ஒரே அளவில் நின்றது.

வேலை தப்பியது. ஆனால் மேனேஜர் சொன்னது என் காதிலேயே விழுந்தது: "கண்டோ முதலாளி, இப்பழாணு அவனுக்கு சிரத்தை வந்தது." இப்போதுதான் கவனம் வந்ததாம், என்ன அநியாயம்! அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தது தவிர அண்ணன் வேறென்ன தப்பு செய்தார்? முதலாளியும் தலையாட்டினார்.

அண்ணன் அதைச் சிரித்து மறந்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலை கெட்டது என்று யாரையாவது யாராவது திட்டினால், அந்த ஆளை விட்டுவிட்டு, அவருக்கு உத்தரவு போட்டது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.