ஒன்றேகாலும் ஒன்றரையும்

பள்ளிக்கூடத்தில் சிவசாமிக்குப் பிடித்த ஒரே பாடம் காலும் அரையும் முக்காலும்தான். அதுவும் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. பதினாறு வயதில் தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கப் போனார். அங்கிருந்து தோட்டத்து லொறி, அப்புறம் ஹட்டன் டவுனுக்கு வெளியே டிக்கோயா ரோட்டில் சொந்தமாக ஒரு கராஜ் என்று ஐம்பத்திரண்டு வயதுக்கு வந்து சேர்ந்துவிட்டார். தகரக் கூரை, மண் தரை, சுவரில் ஒரு முருகன் படம். காலையில் முருகனுக்கு விளக்கேற்றாமல் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடமாட்டார். டவுனில் அவரை ‘சிவசாமி பாஸ்’ என்பார்கள்.

முப்பது வருசமாக அவர் கைக்கு வந்த எஞ்சின்களெல்லாம் ஒரே வேண்டுதலோடுதான் வந்தன. பழையபடி ஓடினால் போதும். அவரும் பழையபடி ஓடவைத்து அனுப்பினார். ஒரே ஒரு எஞ்சினையாவது தன் மனசில் ஓடுகிறபடி கட்டிப் பார்க்கவேண்டும் என்று அவருக்குள் ஓர் ஆசை இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. கோயிலில் கும்பிடும்போதுகூட அதைக் கேட்டதில்லை. சாமியிடம் கேட்கிற அளவுக்குப் பெரிய விசயமா என்று வெட்கம்.

அப்படியிருக்கும்போதுதான் பிரேமினி டீச்சர் வந்தாள். கடைவீதியில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மகள், பூண்டுலோயாவில் படிப்பிக்கிறாள். அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் காரில்தான் தினமும் போய்வருவாள். திரும்பி வருகிற ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. அங்கே கார் மூச்சுத் திணறி முதல் கியருக்கு விழுந்துவிடும். பின்னாலேயே பிரதாப் ஓட்டுகிற ஸ்கூல் வேன் வரும். அவன் ஹோன் அடித்து, தலையை வெளியே நீட்டி, “டீச்சர், எறங்கித் தள்ளவா?” என்பான். வேனுக்குள் இருப்பதெல்லாம் அவளிடமே படிக்கிற பிள்ளைகள். அவ்வளவும் சிரிக்கும். மறுநாள் அதே பிள்ளைகளுக்கு முன்னால் சோக்கட்டியோடு நிற்கவேண்டும்.

“அந்த வளைவுல செகண்ட் கியர்லயே ஏறணும் அண்ணே. வேற ஒன்னும் வேணாம்,” என்றாள் பிரேமினி. “எப்படிச் செய்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

நீங்களே முடிவு பண்ணுங்க. அன்று தோட்டத்து லயத்து வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் சிவசாமி அந்த மூன்று சொல்லையும் வாய்க்குள் வைத்துக்கொண்டே போனார். பனி இறங்கித் தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக மறைத்துக்கொண்டு வந்தது. கால் தரையில் படுகிறதா என்றே அவருக்குத் தெரியவில்லை.

எஞ்சினை இறக்கினார். பிஸ்டன் மாற்றினார். மேல்மூடியைக் கொஞ்சம் சீவி மட்டமாக்கினார். எல்லாம் சரியாக அமைந்தது. கடைசியாக மிஞ்சியது ரொக்கர் ஆம்.

அது ஒரு சின்ன இரும்புச் சீசோ. தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் குழந்தைகள் ஏறி ஆடுவார்களே, அதுமாதிரி. ஒரு பக்கத்தைக் கீழிருந்து ஒரு கம்பி தள்ளும். மறுபக்கம் இறங்கி வால்வைத் திறக்கும். நடு அச்சு சரிபாதியில் இல்லாமல் கொஞ்சம் தள்ளியிருப்பதால், கம்பி ஒரு பங்கு எழும்பினால் வால்வு ஒன்றேகால் பங்கு இறங்கும். அந்த எஞ்சின் ஒன்றேகாலோடு பிறந்தது. ஆனால் வெளிநாட்டில் ஒன்றரைப் பங்கு இறக்குகிற ரொக்கரும் செய்கிறார்கள். வால்வு அதிகமாகத் திறந்தால் எஞ்சின் அதிகமாக மூச்சு இழுக்கும்.

ஒன்றரை. அந்தச் சொல் நாக்கில் பட்டதும் சிவசாமிக்குக் கற்கண்டு மாதிரி இருந்தது. கொழுந்து லொறியின் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதும் எட்டு வால்வுகள் வாய் நிறையத் திறந்து மூடுவது கண்ணுக்குள் தெரிந்தது. ஒருநாள் காலை கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பிய மனைவி நாகலெட்சுமி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“ராத்திரியெல்லாம் ஒன்னரை ஒன்னரைன்னு பொலம்புறீங்களே, யாருங்க அவ? எந்தத் தோட்டம்?”

“வால்வு தொறக்கிற கணக்குடி.”

“ஆமா, இத்தன வருசத்துல எம்பேரச் சொல்லி ஒருநாள் பொலம்பல,” என்று சொல்லிவிட்டு அவள் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்விட்டாள்.

சிவசாமி டீச்சரிடம் ஒன்றரைதான் வேண்டும் என்று சொன்னார். லண்டனில் இருக்கிற அவளுடைய மாமா மகன் வாங்கி அனுப்பினான். பொட்டலம் ஆயுத பூசைக்கு முதல்நாள் வந்தது. மறுநாள் பூசை, அதற்கு அடுத்த நாள் விஜயதசமி, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நல்ல நேரத்தில் காரை எடுக்கவேண்டும் என்று டீச்சர் நாள் குறித்திருந்தாள்.

பூசையன்று விடிந்ததும் சிவசாமி வேலையைத் தொடங்கினார். புதுச் சாமான் எதைப் பூட்டினாலும், அது உட்காருகிற இடத்தில் மாரியம்மன் கோயில் குங்குமத்தை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்துப் பொட்டு வைப்பது அவர் பழக்கம். எட்டு வால்வின் தலையிலும் எட்டுப் பொட்டு வைத்தார். அதன்மேல் ஒன்றரை ரொக்கர்களைப் பூட்டினார். ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி வைத்தார். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். வால்வு முழுதாக இறங்கும்போது அதைத் திரும்ப மூடவைக்கிற ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டுகிற அளவுக்கு நெருங்கின. இடையில் ஒரு காகிதம்தான் போனது. காகிதம் போகிற இடமும் இடம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி சுற்றினார். இருபது முப்பது தடவை சுற்றியிருப்பார். அவ்வளவு அழகாக இருந்தது.

பகலானதும் ஆயுதங்களைக் கழுவி, சந்தனம் வைத்து, முருகனுக்கு முன்னால் வாழையிலையில் அடுக்கினார். பொரி, கடலை, பொங்கல். நாகலெட்சுமி வந்து சூடம் காட்டிக் கும்பிட்டுப் போனாள். இனி விஜயதசமி விடியும்வரை அந்த ஸ்பேனர்கள் சாமியுடையவை. ஓர் ஆணியைக்கூடத் தொடக்கூடாது.

வேலை இல்லாத கை எப்படி இருக்கும் என்று வருசத்தில் அந்த ஒருநாள்தான் அவருக்குத் தெரியும். சாக்கை விரித்துக் காருக்குப் பக்கத்தில் படுத்தார். மத்தியான மழை பெய்து ஓய்ந்திருந்தது. பனி கராஜுக்குள்ளேயே நுழைந்து, சூடத்தின் வாசனையோடு கலந்து, காரின் முன்விளக்குகள்மேல் படிந்தது. கண் சொருகியது.

எட்டுச் சின்னக் கோயில்கள் வரிசையாக இருந்தன. எட்டுக்கும் ஒற்றைக் கதவு. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. உள்ளே விளக்கு. சிவசாமி ஒவ்வொரு வாசலிலும் நின்று கும்பிட்டுக்கொண்டே போனார். கதவுகள் அகலமாகத் திறந்தன; இன்னும் அகலமாகத் திறந்தன. கீல் தாங்கவில்லை. கதவு ஒருபக்கமாகச் சாய்ந்து, நிலையை உரசிக்கொண்டு மூடுகிற சத்தம் கேட்டது. அவர் கையை நீட்டிப் பிடிக்கப் போனார். முழித்துக்கொண்டார்.

கொஞ்சநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு எழுந்து, போனில் லைட்டைப் போட்டு, ரொக்கர்களுக்குக் கீழே பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார்.

குங்குமம் வால்வுத் தலையின் நடுவில் தேய்ந்திருக்கவேண்டும். நடுவில் பொட்டு வைத்தபடியே இருந்தது. ஓரத்தில்தான் எண்ணெயும் சிவப்புமாக வழித்துவிட்டிருந்தது. எட்டிலும் அப்படித்தான். ரொக்கர் வால்வை நேரே அழுத்தாமல் விளிம்பில் ஏறி ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

ரொக்கர் உட்காருகிற தாங்கியை உயர்த்தி அதைச் சரிபண்ணலாம். ஆனால் அந்தக் காகித இடைவெளியை என்ன செய்வது? ஸ்பிரிங் சூடாகி, வேகமும் ஏறினால் காகிதம் போகிற இடமும் இருக்காது. அதைவிடப் பெரிய உண்மை ஒன்று முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். ஒன்றரையின் பலமெல்லாம் எஞ்சின் அலறி ஓடும்போதுதான். டீச்சர் கேட்டது மெதுவாக, செகண்ட் கியரில், ஒரு வளைவு ஏற. அந்த ரோட்டில் அலறி ஓட்ட யாருக்கும் இடமில்லை.

கை தானாக ஸ்பேனர் பக்கம் போனது. இலைக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திக்கொண்டார்.

யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளைக்கு ஓடும். ஆறு மாசம்கூட ஓடும். ஒருநாள் வால்வு தேய்ந்து, சிக்கி, அதே வளைவில் எஞ்சின் செத்து நிற்கும். பின்னால் பிள்ளைகள் நிறைந்த வேன் வந்துகொண்டிருக்கும். இப்போது சொன்னால், தன் இஷ்டப்படி கட்டிய முதல் எஞ்சினைத் தானே பிழை என்று சொல்லவேண்டும். இனிமேல் யாரும் ‘நீங்களே முடிவு பண்ணுங்க’ என்று சொல்லப்போவதுமில்லை. முருகனைப் பார்த்தார். முருகன் வேலைப் பிடித்துக்கொண்டு எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பொழுது முழுக்க சிவசாமி எதையும் தொடாமல் அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு காலை பிரேமினி பட்டுப்புடவையில், தேங்காயும் எலுமிச்சம்பழமுமாக வந்தாள். அவள் காரைச் சுற்றி வருவதற்குள் சிவசாமி சொல்லிவிட்டார். சிவப்புத் தடத்தை விரலால் காட்டினார். அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இன்னைக்கு மட்டும் இப்படியே ஓட்டிட்டு, நாளைக்கு மாத்தினா என்னண்ணே?”

“ஓடும் டீச்சர். இன்னைக்கும் ஓடும், தீவாளிக்கும் ஓடும். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

“நீங்கதானே ஒன்னரை வேணும்னு கேட்டீங்க?”

“நான்தான் கேட்டேன்.” அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “ஒங்க வண்டிக்காகக் கேக்கல டீச்சர். எனக்காகக் கேட்டேன்.”

ரோட்டில் ஒரு பஸ் போய் முடிகிறவரை இருவரும் நின்றார்கள்.

“பழசு இருக்கா?”

“கழுவி வச்சிருக்கேன். மாட்ட ரெண்டு மணித்தியாலம் ஆகும். நல்ல நேரம் போயிரும்.”

பிரேமினி தேங்காயை ஓரமாக வைத்துவிட்டு, பழைய டயர் ஒன்றின்மேல் பத்திரிகையை விரித்து உட்கார்ந்தாள். பையிலிருந்து பிள்ளைகளின் கொப்பிகளை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள். கோபமாகத்தான் திருத்தினாள் என்பது பேனா போன வேகத்தில் தெரிந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

சிவசாமி இலையிலிருந்து முதல் ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒன்றரை ரொக்கர்களைக் கழற்றித் துணியில் சுற்றி அவளிடமே கொடுத்தார். ஒன்றேகாலைப் பூட்டினார். தாங்கியின் கீழே மெல்லிய தகடு வைத்தார். சுற்றிப் பார்த்தார். குங்குமம் நடுவில் ஒரு மெல்லிய கோடாகத் தேய்ந்தது. ஸ்பிரிங் இடைவெளியில் தாள்கள் நாலைந்து போயின. அவர் பெருமூச்சு விட்டது டயர்மேல் இருந்தவளுக்குக் கேட்டது.

நல்ல நேரம் போய் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எலுமிச்சம்பழம் நசுங்கியது. அவள் ஓட்ட, சிவசாமி பக்கத்தில் உட்கார்ந்தார். தலவாக்கலை தாண்டி பூண்டுலோயாவரை இறங்கினார்கள். அங்கே கோயிலடியில் காரைத் திருப்பியபோது ஞாயிறு அறநெறி வகுப்பு விட்டு, பிரதாப்பின் வேன் வெள்ளை உடுப்புப் பிள்ளைகளோடு புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் முன்னால் ஏறினார்கள். வேன் பின்னாலேயே வந்தது.

மேலே போகப்போகப் பனி. தேயிலை மலை ஒருபக்கம் வானத்துக்குள் ஏறிப்போனது, மறுபக்கம் ஒன்றுமே இல்லாத வெள்ளை. சிவசாமி கண்ணை மூடிக்கொண்டார். கேட்பதற்கு அவருக்குக் கண் தேவையில்லை. வளைவு வந்தது. எஞ்சினின் சத்தம் இறங்கியது, இன்னும் இறங்கியது. பிரேமினியின் வளையல் கியர்த் தண்டில் தட்டுவது கேட்டது. அவள் கை முதல் கியருக்காகக் காத்திருக்கிறது. பின்னால் ஹோன் அடித்தது. சத்தம் இனிமேல் இறங்க இடமில்லை என்கிற இடத்துக்குப் போய், அங்கேயே கால் ஊன்றி நின்றது. பிறகு கனமாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு அடியாக ஏறியது.

வளையல் சத்தம் கியரைவிட்டு ஸ்டியரிங்குக்குப் போனது. பின்னால் வேன் முதல் கியருக்கு விழுந்து இரைந்தது. பிரதாப் இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“கண்ணத் தொறங்கண்ணே,” என்றாள் பிரேமினி. “ஏறிட்டோம்.”

அவர் திறக்கவில்லை.

“சத்தம் சரிதானே?” அவள் குரலில் இப்போதுதான் பயம் தெரிந்தது.

சிவசாமி இன்னும் கொஞ்சநேரம் கேட்டார். முப்பது வருசமாக மனசில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் சத்தம் இது இல்லை. அதைவிடத் தாழ்ந்தது, அதைவிடப் பொறுமையானது. இதைத் தன்னால் நினைத்துப் பார்த்திருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

“சரிதான் டீச்சர்,” என்றார். “ஒங்க வண்டி இப்படித்தான் பேசும்போல.”