அம்மா சும்மா இருந்த நாள்

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர் எங்கள் கதவில் சாக்பீஸால் எண் எழுதினார். அந்தக் கிறீச் சத்தத்தில் நான் மறுபடி சிறுமியானேன்.

அன்று வந்த வாத்தியார் அப்பாவிடம், "உங்க சம்சாரத்துக்கு என்ன தொழிலுங்க?" என்றார்.

"அவ ஊட்ல சும்மாதானுங்க இருக்கறா."

எருமைக் கட்டுத்தரையைக் கூட்டிவிட்டு, சாணி மணக்கும் கையோடு வந்த அம்மா அதைக் கேட்டுவிட்டாள். "அப்படீங்களா, சும்மாவே இருந்துக்கறனுங்க" என்று கட்டிலில் உட்கார்ந்தவள்தான். மத்தியானம் அடுப்பு எரியவில்லை. சாயங்காலம் கறக்காத எருமைகள் கத்திய கத்தலில், அப்பா சைக்கிளில் பறந்துபோய் வாத்தியாரைக் கூட்டிவந்தார். விவசாயம் என்று திருத்தி எழுதிய பிறகே அம்மா பால் செம்பைத் தொட்டாள்.

இன்று டீச்சர் வாயெடுக்கும் முன்பே அப்பா சொன்னார்: "அவளுக்கும் விவசாயம்னே எழுதிப்போடுங்க அம்மணி."

உள்ளே அம்மா கட்டிலில் கால்நீட்டி, சும்மா உட்கார்ந்திருந்தாள்.